காலிக் கோட்டை: மதிலும் மக்களும்

பூமியில் பயணம் செய்து, முன்சென்ற சமுதாயங்களின் முடிவு என்னவாயிற்று என்பதைக் கண்டறியுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதனைத் தூண்டுகிறது. இடிந்த நகரங்களை மட்டும் பார்த்துவிட்டால் அக்கட்டளை நிறைவேறிவிடும் என்று எண்ணுவதற்கில்லை. இடியாமல் நிற்கும் நகரங்களும் நமக்குப் பாடம் சொல்லக்கூடியவையே. சில வேளைகளில் அந்தப் பாடமே கடினமானது.

1988ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்த இடங்களுள் இரண்டு, தீவுகளில் அமைந்த மதில்சூழ் துறைமுக நகரங்கள். ஒன்று, மத்தியதரைக் கடலில் உள்ள ரோட்ஸ். மற்றொன்று, நம் தென்கரைக்கு எதிரே இலங்கையின் தெற்கு முனையில் உள்ள காலிக் கோட்டை. ரோட்ஸ் நகரின் மதில்களைச் சிலுவைப் போர் வீரர்கள் வலுப்படுத்தினர். 1522இல் சுல்தான் சுலைமான் அந்நகரைக் கைப்பற்றினார். 1912இல் இத்தாலியர் வரும்வரை ஏறத்தாழ 390 ஆண்டுகள் அது உஸ்மானியர் ஆட்சியில் இருந்தது. பள்ளிவாசல்கள், குளியல் மண்டபங்கள், 1793இல் ஹாபிஸ் அஹ்மத் ஆகா நிறுவிய நூலகம் என்று எத்தனையோ அடையாளங்கள் அங்கே எழுந்தன. மதில் இன்றும் உறுதியாக நிற்கிறது. ஆனால் அந்தப் பள்ளிவாசல்களில் பெரும்பாலானவற்றில் இன்று தொழுகை இல்லை. அவை பார்வையாளருக்குரிய கட்டடங்களாகிவிட்டன.

காலிக் கோட்டையின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கே முஸ்லிம்கள் ஒருநாளும் ஆண்டதில்லை. மதிலை எழுப்பியவர்கள் அவர்களை வெளியே நிறுத்தவே விரும்பினர். ஆயினும் ஆண்டவர்கள் அனைவரும் போன பின்னர் அந்த மதிலுக்குள் குடியிருந்து, விளக்கேற்றி, பாங்கு சொல்லி அந்நகரை உயிரோடு வைத்திருந்தவர்களுள் பெரும் பங்கினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களே. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

மதிலுக்கு முன்பிருந்த துறைமுகம்

ஐரோப்பியர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே காலி நம் பயண இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டது. மாலத்தீவிலிருந்து மஅபருக்கு, அதாவது நம் பாண்டிய நாட்டுக் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று இலங்கைக் கரைக்குத் தள்ளியது. அது 1344ஆம் ஆண்டு. அந்நாளில் மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் அவருக்குச் சகலை முறையினர். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அவர் உதவியுடன் பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டுத் தெற்கே இறங்கிய அவர், கடற்கரையில் தீனவர் என்னும் பெருநகரைக் கண்டார். வணிகர் நிறைந்த அந்நகரின் பெரிய கோயிலையும் விவரித்திருக்கிறார். அங்கிருந்து ஆறு பர்ஸக் தொலைவில் ‘காலி’ என்ற சிற்றூர். அங்கே கப்பல் தலைவர் இப்ராஹீம் என்ற முஸ்லிம் தம் இல்லத்தில் அவருக்கு விருந்தளித்தார்.

இப்னு பதூதா இந்த ஊருக்கு ஒதுக்கியது ஓரிரு வரிகள்தாம். ஆனால் அவற்றில் ஒரு முழு உலகம் அடங்கியிருக்கிறது. கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை, படை கிடையாது. ஒரு நாகுதாவும் அவருடைய வீடும் விருந்தோம்பலும் மட்டுமே உள்ளன. இந்துமாக்கடலில் இஸ்லாம் பரவிய விதத்திற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது.

இப்னு பதூதா கண்ட தீனவர், இன்று தெவிநுவர என்றும் தேவேந்திரமுனை என்றும் வழங்கும் ஊர். அக்கோயிலின் தெய்வத்தைத் தமிழர் தெனாவரை நாயனார் என்றழைத்தனர். அந்தப் பெயரைச் சுமந்த ஒரு கல், நம் கதையின் மையத்திற்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

மூன்று மொழிக் கல்

1911ஆம் ஆண்டு காலி நகரில் டொமலின் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஒரு வடிகாலின் மேல் மூடியாகப் போடப்பட்டிருந்த பலகைக் கல்லைக் கண்டார். எழுத்துள்ள பக்கம் கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்தது. ஏறத்தாழ 145 செ.மீ. உயரமும் 76 செ.மீ. அகலமும் உள்ள அந்தக் கல்லை நிமிர்த்திப் பார்த்தபோது அதில் மூன்று மொழிகள் இருந்தன: சீனம், தமிழ், பாரசீகம்.

அது சீனப் பேரரசர் யுங்லோ சார்பில், கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த கல். 1409ஆம் ஆண்டுக்குரிய தேதியிட்டு, சீனாவிலேயே பொறித்துக் கப்பலில் ஏற்றியது. செங் ஹோ யுன்னான் மாநிலத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. கல்லின் சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்குச் செலுத்துகிறது. சிதைந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாம் சார்ந்தது. பொன் 1,000, வெள்ளி 5,000 என்று தொடங்கும் காணிக்கைப் பட்டியல் மூவருக்கும் பெரும்பாலும் ஒன்றுபோலவே அமைந்திருக்கிறது. தமிழ்ப் பகுதியைப் படித்து 1933இல் வெளியிட்டவர் இலங்கையின் தொல்லியல் அறிஞர் பரணவிதான. கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்தக் கல்லைச் சமய நல்லிணக்கத்தின் சின்னமாக மட்டும் போற்றுவோர் உண்டு. வரலாறு அவ்வளவு எளிதன்று. கல்லைக் கொண்டுவந்த அதே செங் ஹோ, 1411இல் அளகேசுவரன் என்னும் இலங்கைத் தலைவனைப் போரில் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றார். பரிசும் படையும் ஒரே கப்பலில்தான் வந்தன. எனினும் ஒன்றை மறுக்க முடியாது. சிங்களம் பேசும் தென்னிலங்கையின் கரையில் யாரிடம் பேச வேண்டும், எந்த மொழியில் பேச வேண்டும் என்று சீனப் பேரரசின் அலுவலர்கள் ஆராய்ந்தபோது, அவர்கள் தேர்ந்தது தமிழையும் பாரசீகத்தையும். அக்கடலின் வணிக மொழிகள் அவையே.

கல்லில் தமிழ் மேலேயும் பாரசீகம் கீழேயுமாக நிற்கின்றன. இரண்டும் அருகருகே இருந்தும் கலக்கவில்லை. அவற்றைக் கலந்தவர்கள் பின்னர் வந்தார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோர்கள், அந்தக் கல்லில் பிரிந்து நின்ற இரண்டையும் ஒரே வரியில் கொண்டுவந்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) அரபுத்தமிழில் இயற்றிய ஃபத்ஹுத் தையான் போன்ற நூல்கள் காயலிலும் கீழக்கரையிலும் ஓதப்பட்டது போலவே இலங்கையிலும் வீடுதோறும் ஓதப்பட்டன. காலிக் கோட்டையின் முஸ்லிம்கள் இந்த மரபின் வாரிசுகள்.

மூவர் கட்டிய மதில்

1505இல் போர்த்துகீசியத் தளபதி லோரன்ஸோ தே அல்மெய்தா கொச்சியிலிருந்து புறப்பட்டார். மாலத்தீவு வழியே வாசனைப் பொருள்களுடன் சென்றுகொண்டிருந்த முஸ்லிம் வணிகக் கப்பல்களை மறிப்பதே அவருடைய நோக்கம். காற்று அவரை இலங்கைக் கரையில் ஒதுக்கியது. முதலில் ஒதுங்கிய துறை காலி என்பது வழக்கமான கூற்று. இவ்வாறு, காலிக்கு ஐரோப்பியர் வந்ததன் காரணமே அங்கிருந்த முஸ்லிம் வணிகம்தான்.

அடுத்த நூற்றாண்டு கடலில் இரத்தம் சிந்திய நூற்றாண்டு. 1538இல் இராமநாதபுரக் கரையில் வேதாளையில் நடந்த போரில் மரைக்காயர்களின் கடற்படை முறியடிக்கப்பட்டது. 1588இல் தெனாவரை நாயனாரின் கோயிலைப் போர்த்துகீசியர் தரைமட்டமாக்கினர். இப்னு பதூதா வியந்து எழுதியதும், செங் ஹோவின் கல் காணிக்கை செலுத்தியதும் அந்தக் கோயிலுக்கே. அதே நூற்றாண்டின் இறுதியில் காலியில் அவர்களுடைய கோட்டை எழுந்தது. 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற ஆணையிட்டனர். அவ்வாறு துரத்தப்பட்டோரில் 4,000 பேருக்குக் கண்டி மன்னர் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் வாழ இடமளித்தார். பௌத்த மன்னர் ஒருவர் செய்த இந்த உதவியை இலங்கை முஸ்லிம்களின் வரலாறு நன்றியோடு பதிந்து வைத்திருக்கிறது.

1640 மார்ச்சில் டச்சுக்காரர் காலியைக் கைப்பற்றினர். கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களை நட்பு நாடி அழைத்திருந்தார். போர்த்துகீசியரின் இடத்தில் டச்சுக்காரர் அமர்ந்துகொண்டதுதான் மிச்சம். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களவர் அதை இன்றும் பழமொழியாகச் சொல்வர்.

இன்று நாம் காணும் கோட்டை பெரிதும் டச்சுக்காரரின் ஆக்கமே. நிலப்பக்கத்தில் சூரியன், சந்திரன், விண்மீன் என்ற பெயர்களில் மூன்று பெரும் கொத்தளங்கள். கடற்பக்கம் முழுவதும் சுற்றி வளைக்கும் மதில். தெருக்களுக்கு அடியில் அவர்கள் அமைத்த கழிவுநீர்க் கால்வாய்களைக் கடல் ஏற்றத்தில் நிரப்பி, வற்றத்தில் கழுவிச் செல்லும். பழைய வாயிலின் உட்புறத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையும், இரு சிங்கங்களும், மேலே ஒரு சேவலும், 1669 என்ற ஆண்டும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. அந்த வாயிலை ஒட்டி நிற்கும் நீண்ட பண்டகசாலையில்தான் கறுவாப்பட்டை மூட்டைகள் அடுக்கப்பட்டன.

டச்சுக்காரர் முஸ்லிம்களைத் துரத்தவில்லை, கட்டிப்போட்டனர். ‘ஊழியம்’ என்ற நம் சொல்லையே எடுத்து, முஸ்லிம்களும் செட்டிகளும் கம்பெனிக்கு ஊதியமின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலைக்கு அதைப் பெயராக்கினர். வணிகத்திலும் குடியேற்றத்திலும் தடைகள் விதித்தனர். கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் வீடு, நிலம் வாங்கக்கூடாது என்ற விதி ஆங்கிலேயர் காலத்தில் 1832இல்தான் நீங்கியது. மதிலுக்குள் ஒரு முஸ்லிமின் பெயரில் ஒரு வீட்டுப் பத்திரம் இருப்பது எவ்வளவு நெடிய காத்திருப்பின் பயன் என்பதை இதிலிருந்து உணரலாம்.

துறைமுகம் போனது, மக்கள் வந்தனர்

1796இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1840களிலிருந்து நீராவிக் கப்பல்கள் காலியில் நின்று நிலக்கரி ஏற்றின. ஐரோப்பாவிலிருந்து சீனாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் பயணிகள் ஓரிரு நாள் இறங்கித் தங்கினர். அவர்களிடம் மாணிக்கம், நீலக்கல், ஆமையோட்டுச் சீப்பு, பின்னல் சரிகை ஆகியவற்றை விற்ற முஸ்லிம் வணிகர்களைப் பற்றி அக்காலப் பயணக் குறிப்புகள் பலவும் பேசுகின்றன. இலங்கையின் புகழ்பெற்ற இரத்தினக்கல் வணிகக் குடும்பமாகிய மாக்கான் மாக்கார் 1860இல் தொழிலைத் தொடங்கியது காலியில்தான். மாக்கார் என்பது நம் மரைக்காரே.

காலித் துறைமுகத்துக்கு ஒரு குறை இருந்தது. நீருக்கடியில் பாறைகள், பருவக் காற்றுக்குப் போதிய மறைவில்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து கப்பல்கள் பெருகின. 1875 டிசம்பரில் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் கப்பல்கள் கொழும்புக்குப் போய்விட்டன. கம்பெனி அலுவலகங்களும் அவற்றின் பின்னே சென்றன. காலிக் கோட்டை ஓய்ந்தது.

வரலாற்றில் ஒரு நகரம் தப்புவது சில வேளைகளில் அதன் தோல்வியால்தான். துறைமுகம் செழித்திருந்தால் மதில்களை இடித்துச் சாலை போட்டிருப்பார்கள். கொழும்புக் கோட்டையில் நடந்தது அதுவே. காலி ஓய்ந்ததால் அதன் தெருக்களும் தாழ்வாரங்களும் இருந்தபடியே இருந்தன. ஐரோப்பியர் காலி செய்த வீடுகளில் படிப்படியாக உள்ளூர் மக்கள் குடியேறினர். அவர்களில் முஸ்லிம்கள் மிகுதி. 1892இல் கோட்டைக்குள் பஹ்ஜத்துல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி தோன்றியது. இன்றைய மீரான் ஜும்ஆப் பள்ளி 1904இல் எழுந்தது.

அந்தப் பள்ளிவாசலைப் பார்க்காமல் காலியிலிருந்து திரும்பக்கூடாது. தென்கிழக்கு முனையில் கலங்கரை விளக்குக்கு எதிரே, கடலைப் பார்த்து நிற்கும் வெண்ணிறக் கட்டடம். இருபுறமும் கோபுரங்களும் ஐரோப்பியப் பாணி முகப்பும் கொண்ட அதைத் தொலைவிலிருந்து காண்போர் தேவாலயம் என்றே எண்ணுவர். அருகே சென்றால்தான் அரபு எழுத்துகள் கண்ணில் படும். ஆண்டவர்களின் கட்டடக் கலையையே எடுத்துக்கொண்டு அதற்குள் கிப்லாவை அமைத்திருக்கிறார்கள். மீரான் என்ற பெயரைக் கேட்டதும் நாகூரை நினைக்காத தமிழ் முஸ்லிம் இருக்க முடியாது. கடலின் இரு கரைகளும் ஒரே பெயரால் பிணைந்திருந்த காலத்தின் அடையாளம் அது.

மாலையில் மதிலின் மேல் ஒரு சுற்று நடந்தால் இதெல்லாம் தானே விளங்கும். ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஒருபக்கம் எல்லையில்லாக் கடல், மறுபக்கம் ஓட்டுக் கூரைகள். மஃரிபுப் பாங்கு ஒலிக்கும்போது பள்ளியை நோக்கி வெண்தொப்பிகள் நகர்கின்றன. அதே மதிலில் காற்று வாங்க வந்த சிங்களக் குடும்பங்கள் பாங்கு முடியும்வரை பேச்சைத் தாழ்த்திக்கொள்வதையும் காணலாம்.

விலை உயர்ந்தபோது

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காலியைத் தாக்கியது. மதிலுக்கு வெளியே பேருந்து நிலையத்திலும் கடைவீதியிலும் பெரும் உயிர்ச்சேதம். மதிலுக்குள் இருந்தோர் பெரும்பாலும் தப்பினர். முஸ்லிம்களை வெளியே நிறுத்தப் பார்த்தவர்கள் கட்டிய அதே மதில், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய பிள்ளைகளைக் காத்தது. அல்லாஹ்வின் ஏற்பாடுகளை மனிதன் எங்கே அறிகிறான்!

ஆனால் அலை செய்யாததை விலை செய்யத் தொடங்கியது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் வந்ததும், பாழடைந்த பழைய வீடு என்று கருதப்பட்டவை ‘டச்சு மாளிகை’களாயின. இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் வெளிநாட்டவரும் கொழும்புச் செல்வந்தரும் வீடுகளை வாங்கினர். விடுதி, உணவகம், நகைக்கடை, துணிக்கடை என்று தெருக்கள் மாறின. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த பல குடும்பங்கள் விற்றுவிட்டு வெளியேறின.

அவர்களைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. ஒரு வீட்டுக்கு ஏழெட்டு வாரிசுகள். ஃபராயிள் முறைப்படி பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் ஓர் அறைகூட வராது. பாரம்பரியச் சட்டத்தின்படி கூரையோட்டை மாற்றுவதற்கும் சுவரைத் தள்ளிவைப்பதற்கும் அனுமதி வேண்டும். மகளுக்குச் சீர் செய்யவேண்டிய தந்தையிடம் கனவிலும் காணாத தொகை நீட்டப்படுகிறது. 2014இல் அளுத்கமவிலும் 2017இல் காலிக்கு அருகே கிந்தோட்டையிலும் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையை அவர் மறந்திருக்க முடியாது. இந்நிலையில் ‘பாரம்பரியத்தைக் காப்பாற்று’ என்று வெளியூரிலிருந்து உபதேசிக்க நமக்கு என்ன உரிமை?

உரிமை இல்லாவிட்டாலும் கவலை உண்டு. பள்ளிவாசலுக்குத் தூண்களைவிட இன்றியமையாதது ஸஃப். மஹல்லாவில் வீடுகள் குறைந்தால் ஸஃபும் குறையும். மத்ரஸா மாணவர்கள் வெளியூரிலிருந்து வரலாம். சுப்ஹுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரை எழுப்ப வெளியூரிலிருந்து யாரும் வர முடியாது. தென்னிலங்கையின் முஸ்லிம் பிள்ளைகளில் பலர் இன்று சிங்கள மொழியில் கல்வி கற்கின்றனர். அது அவர்கள் வாழும் சூழலுக்குத் தேவையானதே. ஆனால் பாட்டி ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபைப் பேத்தியால் படிக்க முடியாத நிலை வந்தால், அது எழுத்துப் பக்கம் கீழ்நோக்கிக் கவிழ்ந்த இன்னொரு கல்லே ஆகும்.

ஆண்டவர்கள் துரத்தியபோது தம் இடத்தை விட்டுக்கொடுக்காமல் திரும்பி வந்த மக்கள், யாரும் துரத்தாதபோது ஒவ்வொரு பத்திரமாகக் கையெழுத்திட்டு வெளியேறுகிறார்கள். காலிக் கோட்டையின் நானூறு ஆண்டு வரலாற்றில் இதுவே புதியது.

இது காலியின் கதை மட்டுமா? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். 1613இல் டச்சுக்காரர் கோட்டை கட்டிய நம் பழவேற்காட்டை எண்ணிப் பாருங்கள். அங்கும் மரைக்காயர்களின் பழைய பள்ளிவாசல் இருக்கிறது. நம்மால் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. பழைய வீட்டுப் பத்திரங்களையும் பள்ளிவாசல் கணக்கேடுகளையும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளையும் படமெடுத்துப் பாதுகாக்கலாம். விற்க நேரும் வீட்டை ஜமாஅத்தே கூட்டாக வாங்கி, வாடகை வருமானத்தை மத்ரஸாவுக்கு வக்ஃபு செய்யலாம். நம் முன்னோர் அறிந்திருந்த பழைய வழிதான் இது. அதை மறந்துவிட்டதே நம் குறை.

ரோட்ஸ் தீவின் பள்ளிவாசல்களை உஸ்மானியப் பேரரசு கட்டியது. பேரரசு போயிற்று, தொழுகையும் பெரிதும் போயிற்று. காலியின் பள்ளியை எந்தப் பேரரசும் கட்டவில்லை. நாகுதா இப்ராஹீமின் வீட்டுத் திண்ணையில் தொடங்கிய ஒன்று அது. ஒரு வழிப்போக்கனுக்குச் சோறிட ஒரு வீடு அந்த மதிலுக்குள் இருக்கும்வரை அது நிலைக்கும், இன்ஷா அல்லாஹ்.